முடிச்சுப் போட்டது அழுக்கு

அந்தச் சலவைக்கூடத்தில் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. முடிச்சுப் போட்டது அழுக்கு; மடித்து வைத்தது சுத்தம். மருத்துவமனை விரிப்பானாலும் சரி, விடுதித் துண்டானாலும் சரி, வாய் கட்டி வந்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவிழ்த்துக் கொட்ட வேண்டியது, பிரிக்க வேண்டியது, மிஷினில் போட வேண்டியது. மடித்து அடுக்கியிருந்தால் விரல்கூடப் படக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கறையக்காவும் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள்தான். ஆனாலும் தன் மகனின் சட்டையை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, உள்ளே இருந்த காற்றை மெல்ல அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டுத் தன் லாக்கரின் மேல்தட்டில் வைத்திருந்தாள். வேறு எப்படி வைப்பது? மடித்து வைத்தால் வாசம் போய்விடுமே.

கறையக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கூடத்தின் மூலையில், ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை. மிஷின் கைவிட்ட துணிகள் அங்கேதான் வரும். மை, துரு, ரத்தம், எண்ணெய், தேநீர் என்று எதுவானாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, எது பட்டது, எப்போது பட்டது என்று சொல்லிவிடுவாள். பிறகு கறைநீக்கியைச் சொட்டு மருந்து விடுவதுபோல விட்டு விட்டு, பழந்துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். அப்படி வந்த பெயர் அது. இப்போது மேற்பார்வை சாரே சில நேரம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மகன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டு ஓராண்டு ஆகப்போகிறது. கல்லூரியில் சேர்ந்த புதிது. வீட்டில் அவனுடைய பொருள் என்று இப்போது ஒன்றுமில்லை. அவள் கணவன் கல்நெஞ்சன் அல்ல. பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை அவனுக்கு. ஒரு நாள் துணிமணி, செருப்பு, புத்தகப் பை எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து, காலியான அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனை என்ன சொல்ல முடியும்? அழுக்கு வாளியின் அடியில் கிடந்ததால் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் அவன் கண்ணில் படவில்லை. மறுநாள் அதைப் புடவைக்குள் மறைத்து வேலைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

முதலில் அடிக்கடி முடிச்சை அவிழ்த்து முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வியர்வை, எண்ணெய் தேய்க்காத தலை, ஜன்னல் திறக்காத அறை, எல்லாம் சேர்ந்த வாசம். பிறகு ஒரு நாள், அது முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருப்பதாகத் தோன்றியது. திறக்கத் திறக்கக் குறையும் என்பது அவள் தொழிலில் தெரியாத விஷயமா? அன்றோடு திறப்பதை விட்டாள். வேலைக்கு வந்ததும் கவரை ஒரு முறை தொடுவாள். போகும்போது ஒரு முறை தொடுவாள். அவ்வளவுதான். அந்த வாசம் உள்ளே இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவள் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த லாக்கரில் இன்னொருத்திக்கும் பங்கு உண்டு. இஸ்திரிப் பிரிவில் வேலை செய்யும் இளம்பெண். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளுடைய லாக்கரின் பூட்டு உடைந்து, சரி செய்து தருகிறேன் என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "என் பொருளைக் கீழ்தட்டுல வெச்சுக்கறேன்க்கா. மேல்தட்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று வந்து ஒட்டிக்கொண்டாள். சொன்னபடி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேசாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த மேல்தட்டுதான்.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் சார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். பேச வேண்டியதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வியர்வையில் அது அழிந்துபோயிருந்தது.

"மனசு சரியில்லாத பிள்ளைங்க போய்ப் பேசறதுக்கு ஒரு மையம் இருக்கு. காசு வாங்காமப் பார்க்கறாங்க. ஆனா அவங்களே இப்பக் கஷ்டத்துல இருக்காங்க. நாம ஏதாவது செய்யலாம்னு..." கறையக்காவைப் பார்த்தார், உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். "நம்ம பையனுக்காக."

நம்ம பையன் என்ற சொல் அவள் நெஞ்சில் பட்டது. யாரும் அப்படிச் சொல்லி வெகு நாளாயிற்று.

திட்டம் இதுதான். ஒரு விடுமுறை நாளில் கூடத்தைத் திறந்து வைப்பது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு துணி கொண்டுவரலாம். கறையெடுத்து, வெளுத்து, தேய்த்துத் தருவார்கள். கூலி கிடையாது, மனதுக்குப் பட்டதை உண்டியலில் போடலாம். வாசலில் ஒரு கயிறு கட்டி, வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டுத் துணி ஒன்றை வெளுத்துத் தொங்கவிட வேண்டும். வருகிறவர்கள் பார்த்து நம்பட்டும் என்று.

"என் பனியனைத் தொங்கவிடட்டுமா சார்?" என்றார் வண்டி ஓட்டுகிறவர். மூட்டை ஏற்றி இறக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் யாரையாவது சீண்டிக்கொண்டிருப்பது அவர் வேலை.

"பனியனா அது? மீன் பிடிக்கற வலையில்ல!" என்றாள் ரேடியோ.

"ஓட்டை இருந்தாத்தாம்மா காத்து வரும். உனக்கு வாயில இருக்கற மாதிரி."

சிரிப்பு அடங்கியதும் சார் மெதுவாகக் கேட்டார். "நீங்களும் ஒரு துணி... அப்புறம், ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்மா. கட்டாயம் இல்ல."

"எனக்குக் கறையைப் பத்திப் பேசத்தான் வரும் சார்."

"துணியாவது?"

"பார்க்கலாம்" என்றாள். அவளை அறியாமல் அவள் கண் லாக்கர் இருந்த பக்கம் ஒரு முறை போய்த் திரும்பியது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். ரேடியோ கவனித்தாள்.

இடையில் ஒரு நாள் அந்த மையத்திலிருந்து ஒரு பெண் வந்து எல்லாரிடமும் பேசினாள். பெரிய பேச்சாளியாகத் தெரியவில்லை. விரிப்பு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"அழுதாத்தான் துக்கம்னு நாம நினைச்சுக்கறோம். சில பிள்ளைங்க அழவே மாட்டாங்க. குளிக்க மாட்டாங்க. போட்ட துணியிலயே கிடப்பாங்க. சோம்பேறின்னு நாம திட்டுவோம். காய்ச்சல்ல கிடக்கறவனைப் போய் எழுந்து ஓடுன்னு சொல்லுவோமா? அது மாதிரிதான் இதுவும். வேணும்னு செய்யறது இல்ல, முடியல. முடியலன்னு சொல்லவும் முடியல."

கறையக்கா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊரார் துணியில் எறும்பு நகர்ந்த தடம் இருந்தால்கூட அவளுக்குத் தெரியும். தன் வீட்டில், தன் கண்ணெதிரே நடமாடிய சட்டையை அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அழுக்கு என்று மட்டும்தான் படித்தாள்.

கூட்டம் கலைந்தபோது வண்டிக்காரர் அவளருகே வந்து நின்றார். "என் வீட்டு மகாராணியும் இப்படித்தான்க்கா. போர்வையை விட்டு இறங்கறதில்ல. ஆனா அவளுக்குச் சுத்தமான சோம்பேறித்தனம். பரீட்சை வருதில்ல, அதான் நாடகம். நாலு போடு போட்டாச் சரியாயிடும்." சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது? "பார்த்துக்கப்பா" என்றாள். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் அவளை உறுத்திக்கொண்டே வந்தது.

குறித்த நாள் வந்தது. காலையில் அவள் தெருமுனை திரும்பும்போதே வாசலில் கயிறு தெரிந்தது. குழந்தைச் சட்டை, பள்ளிச் சீருடை, சாரின் வெள்ளை வேட்டி, சொன்னபடியே வண்டிக்காரரின் பனியன். எல்லாவற்றுக்கும் முதலாவதாக, தனியாக ஒரு ஹேங்கரில், நீலக் கட்டம் போட்ட சட்டை.

அது போன்ற சட்டை ஊரில் ஆயிரம் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். அருகே வந்தாள். இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், அவள் தைத்தது.

"அக்கா!" ரேடியோ உள்ளிருந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் பல். "நீங்க கொண்டுவந்து வெச்சுட்டு, துவைக்க மனசு வராமத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நானே கேட்டிருக்கலாம், கேட்டா அழுவீங்களோன்னு பயம். அன்னிக்கு சார் துணி கேட்டப்ப லாக்கரைப் பார்த்தீங்கல்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். மிஷின்ல போடலக்கா, சத்தியமாப் போடல. கையாலதான். காலர் அழுக்கு போகவே மாட்டேன்னுச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி விட்டு விட்டு ஒத்தி ஒத்தி எடுத்தேன். பாருங்க, ஒரு பொட்டு இருக்கா சொல்லுங்க!"

கறையக்கா சட்டையின் கையைப் பிடித்துத் தூக்கினாள். காலரைத் திருப்பினாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவளே செய்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. முகத்தை மெல்லக் கிட்டே கொண்டுபோனாள்.

சோப்பு வாசம். கொஞ்சம் கஞ்சி. வெயில்.

மறுபடி முகர்ந்தாள். அக்குளில், காலர் மடிப்பில், பையின் மூலையில். ஊரார் துணியில் கறையைத் தேடுகிற மூக்கு, தன் மகனைத் தேடியது. எங்கும் இல்லை. போன வருடம் ஒரு முறை போனான். இப்போது இன்னொரு முறை.

"நல்லா வெளுத்திருக்கேடி" என்றாள். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

கண் நிரம்பி வழிந்தது. ரேடியோவும் அழுதாள், "அக்கா" என்று கட்டிப் பிடித்துக்கொண்டாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாம் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவு எல்லார் முகத்திலும் இருந்தது. அந்த முகங்களைப் பார்த்து அவள் என்ன சொல்ல முடியும்? சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே. முடிச்சுப் போட்டு வைத்தது யார்?

லாக்கர் அறைக்குப் போய் மேல்தட்டில் கையை வைத்துப் பார்த்தாள். தகரம் சில்லென்று இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தாள். அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் மை கொட்டிய கால்சட்டை கொண்டுவந்தார். ஒரு பெண் திருமணத்தன்று கட்டிய புடவையில் பட்ட எண்ணெயைக் காட்டி, "போகுமாங்க?" என்றாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. உண்டியல் அவ்வப்போது குலுங்கியது.

வண்டிக்காரர் மூட்டையோடு வந்தார். இன்று அவர் யாரையும் சீண்டவில்லை.

"பொண்ணையும் கூட்டிட்டு வர்றேன்னியே?" என்றாள்.

"எங்கக்கா வர்றா? எழுந்திரிக்கவே இல்ல. மூணு வேளையும் அதே நைட்டி. காலையில நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வந்தேன். நாத்தம் தாங்கல, நீயெல்லாம் பொண்ணான்னு."

அவள் கையிலிருந்த பழந்துணியைக் கீழே வைத்தாள். அதே வார்த்தைகள். பொண்ணு என்ற இடத்தில் மனுஷன் என்று போட்டால் அவள் தன் மகனிடம் சொன்னது அப்படியே வந்துவிடும்.

நேரே சாரிடம் போனாள். "பேசறேன் சார்."

மைக்கைப் பிடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. ரேடியோவின் இஸ்திரி மேசை எதிரிலேயே இருக்கிறது. சட்டையின் கதையைச் சொன்னால் அந்தப் பெண் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் வண்டிக்காரருக்கு எதைச் சொல்வது? வளர்த்ததைச் சொல்லலாம், திட்டியதைச் சொல்லலாம், சட்டை இப்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பேச வராது" என்று தொடங்கினாள். "என் பையன் கடைசியா ஒரே சட்டையைத்தான் போட்டுக்கிட்டு இருந்தான். இதோ தொங்குதே, அதுதான். குளிக்க மாட்டான். கழட்ட மாட்டான். நான் திட்டுவேன். ஊர் உலகத்துத் துணியெல்லாம் வெளுக்கறேன், என் வீட்டுல ஒரு சட்டையை வெளுக்க முடியல, நாறுதுடா, நீயெல்லாம் மனுஷனாடான்னு கேட்டிருக்கேன். அப்புறம்மா, அப்புறம்மான்னுதான் சொல்லுவான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

தூரத்தில் ஒரு மிஷின் மட்டும் நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வர்றேன். அவனே குளிச்சிருக்கான். தலையெல்லாம் சீவி, அந்தச் சட்டையைக் கழட்டி என் கையில குடுத்தான். இந்தாம்மான்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்பவாவது புத்தி வந்துச்சேன்னேன். சிரிச்சான். காலையில பார்த்தா..."

நிறுத்தினாள். இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கத்தான் நினைத்தாள். ஆனால் ஓராண்டாகக் கட்டி வைத்திருந்தது, அவிழ்ந்த பிறகு பாதியில் நிற்குமா?

"அன்னிக்கு எனக்கு அசதி. நாளைக்குத் துவைச்சுக்கலாம்னு வாளியில போட்டுட்டேன். அப்புறம் துவைக்கவே இல்ல. துவைக்க மனசு வரல. அவன் வாசம் அதுலதானே இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோவின் வாய் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து சத்தம் வரவில்லை. கை இஸ்திரிப் பெட்டியின் மேல் அப்படியே நின்றிருந்தது. யாருடையதோ வெள்ளைச் சட்டையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"பெட்டியைத் தூக்குடி, தீயுது!" என்றாள் கறையக்கா. அது மைக்கில் கூடம் முழுவதும் அதிர்ந்தது. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

மைக்கை வைத்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் ஒரு வண்டி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. "யாரைக் கேட்டு வண்டியை எடுத்தான் இவன்? மூட்டை இன்னும் இறக்கல..." என்று சார் சொல்லத் தொடங்கி, அப்படியே நிறுத்திக்கொண்டார். வண்டிக்காரர் பாதி மூட்டைகளோடு வீட்டுக்குப் போய்விட்டார். போனவர் என்ன செய்தார், அந்தப் பெண் கதவைத் திறந்தாளா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியவில்லை.

ரேடியோ லாக்கர் அறையில், தரையில் உட்கார்ந்திருந்தாள். கறையக்கா வந்ததும் எழுந்து நின்றாள். தலை நிமிரவில்லை.

"திட்டுங்கக்கா."

கறையக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது சொல்லுங்கக்கா. அடிச்சாக்கூட வாங்கிக்கறேன். அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவையாவது யோசிச்சேனா? ஒவ்வொரு தடவையும் தண்ணியைக் கொட்டக் கொட்ட, அப்பாடா போகுதுன்னு சந்தோஷப்பட்டேன்க்கா. பாட்டு வேற பாடிக்கிட்டு..."

"நானும் அப்படித்தான்டி சந்தோஷப்பட்டேன்."

"திட்டுங்கக்கா!"

"ஒரு சட்டைக்காகத் திட்டினது போதும்" என்றாள் கறையக்கா. "இனி என்னால முடியாது."

ரேடியோ அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் தலையில் கை வைக்க வேண்டும் என்று கறையக்காவுக்குத் தோன்றியது. கை உடனே எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தது.

திடீரென்று ரேடியோ நிமிர்ந்தாள். "கவர்! அக்கா, கவரை நான் தூக்கிப் போடலக்கா!" என்று வெளியே ஓடினாள். வேண்டாம் வேண்டாம் என்று கறையக்கா நினைத்ததையும் மீறி அந்த வாசத்தின் மேல் ஆசை எழுந்துவிட்டது.

கயிற்றின் ஓரத்தில் அந்தக் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப் போட்டு வைக்க ஏதாவது வேண்டுமே என்று ரேடியோவேதான் காலையில் அதை அங்கே மாட்டியிருந்தாள். நாள் முழுக்க எல்லார் கையும் அதற்குள் போய் வந்திருந்தது. கிளிப்புகளைத் தரையில் கொட்டிவிட்டு, கவரை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

கறையக்கா அதை வாங்கிக்கொண்டாள். மேலே ஒரு கிளிப்பின் துரு தீற்றியிருந்தது. அவளுடைய முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் பாலித்தீன் சுருங்கி, வெளுத்துப்போயிருந்தது. ரேடியோ மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

கறையக்கா அதை முகர்ந்து பார்க்கவில்லை. மடியில் வைத்துச் சுருக்கத்தை நீவினாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, விடுதித் துண்டை மடிப்பதுபோல நிதானமாக மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வா. அந்த வெள்ளைச் சட்டை யாருது? தீஞ்ச கறை ஆறினா எடுக்க வராது" என்றாள்.